குணசுந்தரி புட்டு ரொட்டிக் கடை

நான்கு கடைகளின் சுறாப்புட்டை ஒரே காலையில் ஊசவைத்தவன் நான்தான். எல்லாம் என் மீசைக்காக.

சிரிக்காதீர்கள். இருபத்து நாலு வயதில், சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்கு மீசையைத் தவிர வேறென்ன ஆஸ்தி? அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம், வைகாசி மாதம். அன்று உச்சிப்பொழுதுக்குள் காலடிப்பேட்டையிலிருந்து பெண் வீட்டார் ராயபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கும் புஷ்பவல்லிக்கும் தாம்பூலத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அதற்குள் மீசையின் இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் நிற்கும்படி கத்தரித்துக்கொள்ள வேண்டும். அந்த வித்தை தெரிந்த நாவிதர் எங்கள் பேட்டையில் ஒருவர்தான். ஏழரைக்கு மேல் போனால் ஷிப்டு முடிந்து வரும் ஹார்பர் ஆட்கள் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் ஏழரை வரைக்கும் என்னால் வீட்டைவிட்டு நகர முடியாது. புட்டு ஆறவேண்டும்.

சுறாவை வேகவைத்து, தோல் உரித்து, முள் நீக்கி, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பூண்டும் பச்சைமிளகாயும் சேர்த்து வதக்கியெடுத்தால் புட்டு. அதை அப்படியே பாத்திரத்தில் போட்டுவிடக் கூடாது. ஓலைப்பாயின் மேல் வெள்ளைத் துணி விரித்து, அதில் பரப்பி, ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். கையை உள்ளே விட்டால் சுடக் கூடாது. அப்புறம்தான் ஈயம் பூசிய தூக்குகளில் அள்ளிப் போட்டு மூடியை அழுத்துவது. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே வேர்த்துச் சொட்டும். வெயில் ஏற ஏறப் புட்டு புளித்துப் போகும். சமையல் அண்ணியுடையது. அள்ளுவதும் மூடுவதும் வண்டியில் ஏற்றுவதும் என்னுடையது. இத்தனை எளிய வேலையைத்தான் எனக்குக் கொடுத்திருந்தார்கள். என்னைத் தெரிந்தவர்கள்தானே அவர்களும்!

அண்ணி குணசுந்தரி விடிவதற்கு முன்பே அடுப்பில் இறங்கி, ஆறரை மணிக்குக் கடைசிச் சட்டியை இறக்கிப் பாயில் கொட்டியபோது கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அம்மா பவுனம்மாளின் குரலுக்குக் கதவு, சுவர் எல்லாம் வழிவிடும்.

"ஏமே குணசுந்தரி! பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நாளு... கூடம் இன்னும் குப்பையா கீது! உங்க கத்திவாக்கத்துல எறா தடவிகினு சேத்துல குந்தி இருப்பீங்களே, அந்த மாதிரி நெனச்சுகினியா இத்த?"

"தோ வந்துட்டேன் அத்தே..."

அண்ணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்குக் கத்திவாக்கமும் எறாவும் சொல்லிக்காட்டப்படாத நாளே கிடையாது. கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று, விரலால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. எங்களுடையது கட்டுமரம் போய், படகு வந்து, படகும் போய் ஹார்பர் வேலைக்கு வந்த குடும்பம். அந்த உயரத்திலிருந்துதான் அம்மா பேசுவாள்.

கூடத்துக்குள் போகுமுன் அண்ணி திரும்பிப் பார்த்தாள். "ரகு... கைய உள்ளார வுட்டுப் பாத்துட்டு மூடு. அவசரப்படாதே, இன்னா?"

"சரி அண்ணி."

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் கையை உள்ளே விட்டேன். விரல் சிவந்துபோயிற்று. நாவிதரின் நாற்காலி கண்முன்னே வந்தது. அந்த நாற்காலியில் யாரோ ஒரு தடியன் உட்காரப்போவதும் வந்தது.

"ஆறிச்சாடா ரகு?" என்று கூடத்திலிருந்து அண்ணி கேட்டாள்.

"ஆறிச்சு அண்ணி!" என்று கத்திவிட்டு நான்கு தூக்குகளையும் நிரப்பி, மூடிகளை அழுத்தி, வண்டியில் ஏற்றினேன். ஏழரைக்குள் மீசை திருந்தியது. நான் திருந்தவில்லை.

அந்தக் கடையின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதைக் கெடுத்தேன் என்று தெரிந்தால்தான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியும்.

உலகச் சண்டை முடிகிற வருஷம். அரிசிக்கு ரேஷன் கார்டு. என் அண்ணன் தேசப்பன் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச்சு இழுக்கிற வேலையில் இருந்தார். ஒரு காலையில் வீட்டில் அரிசி இல்லை. சட்டியில் முந்தின நாள் வாங்கிய சுறாவில் செய்த புட்டு மட்டும். தெருவில் இக்னேஷியஸ் பேக்கரி ஆள் ரொட்டிக் கூடையோடு போய்க்கொண்டிருந்தான். அண்ணி ஒரு நீட்டு ரொட்டியை வாங்கி, வயிற்றைக் கீறி, புட்டை அடைத்து, துணியில் கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

"ரொட்டிக்குள்ள புட்டா! தொரையும் கட்டுமரக்காரனும் ஒரே பாயில படுத்த மாதிரி கீதே!" என்று அண்ணன் வெட்கப்பட்டு, கிரேனுக்குப் பின்னால் ஒளிந்து தின்றார். வாசனை ஒளியவில்லை. மறுநாள் மூன்று பொட்டலம். அடுத்த வாரம் பன்னிரண்டு. அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு ஹார்பர் கேட்டுக்கு எதிரே கடையே போட்டுவிட்டார். பலகை எழுதும்போது அண்ணி தடுத்தாள்.

"பொம்பள பேரு ரோட்டுல எதுக்கு? உங்க பேரையே போடுங்க."

"கை உன்னுது... வாய் ஊரோடது... நடுவுல என் பேரு இன்னாத்துக்குமே?" என்று அண்ணன் சிரித்தார். 'குணசுந்தரி புட்டு ரொட்டிக் கடை' என்று பச்சை எழுத்தில் ஏறியது பலகை. அண்ணி ஒரு வாரம் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை, வெட்கத்தில்!

பிறகு கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் டீக்கடை வைத்திருந்த பரசுராமன் வந்து, அதே பேரில் தானும் ஒரு கடை நடத்துகிறேன் என்று கேட்டார். அண்ணன் விழித்தார். வழி சொன்னது அண்ணிதான். புட்டு வேறெங்கும் கிண்டக் கூடாது. எங்கள் வீட்டு அடுப்பிலிருந்துதான் போகவேண்டும். ரொட்டி இக்னேஷியஸ் அடுப்பிலிருந்துதான். ஒரு ரொட்டிக்கு ஓர் அகப்பைப் புட்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த அகப்பையை அண்ணியே ஒரே அளவுக் கொட்டாங்கச்சியில் தேய்த்து, மூங்கில் காம்பு செருகி, கடைக்கு ஒன்றாகக் கொடுப்பாள். அகப்பை தொலைந்தால் அன்றைக்குக் கடை கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பேரில் கடை போடும் உரிமைக்கே 'அகப்பை வாங்குவது' என்று பேர் வந்துவிட்டது. பரசுராமன் வாங்கினார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சி வாங்கினார். எண்ணூரில் ஒருவர் வாங்கினார். இன்றைக்குப் படித்த பிள்ளைகள் இதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்கிறார்கள். எங்களுக்கு அகப்பைதான்.

ஆக, நான்கு கடை, நாற்பது மைல் வாசனை! அதன் மேல்தான் நான் சூட்டோடு மூடியை அழுத்தினேன்.

உச்சிப்பொழுது. கூடத்தில் ஜமுக்காளம். நடுவே வெற்றிலை பாக்கும் பழமும் வைத்த இரண்டு தாம்பாளங்கள். பெண்ணின் தகப்பனார் படகு கட்டுகிறவர். மரத்தைத் தட்டியே உள்ளே உளுப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். என்னையும் அப்படித்தான் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீசையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தட்டைத் தூக்கப்போகிற நேரத்தில் வாசலில் சத்தம். பரசுராமன் தூக்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார். சட்டை கிழிந்திருந்தது.

"தேசப்பா! இன்னா புட்டு இது? துன்ன ஏழு பேரும் வாந்தி எடுத்துகினு கீறானுங்க! ஒருத்தன ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய்க்கீறாங்க. யார்டு ஆளுங்க கடைய ஒடச்சுட்டானுங்க! பாரு... நீயே தொறந்து பாரு!"

அண்ணன் மூடியைத் திறந்தார். வெற்றிலை வாசனையையும் சந்தன வாசனையையும் அந்த நாற்றம் ஒரே அடியில் வெளியே துரத்தியது. மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர். அண்ணனுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

"சூட்டோட மூடிகீது... யாரு?" குரல் எழும்பவில்லை. அதுதான் பயம். "யாரு மூடுனது?"

என் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. சமையலறை நிலைப்படியில் பட்டுப் புடவையோடு நின்றிருந்த அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் நடுவே இருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"நீயா?"

"கூடம் பெருக்கணுமேன்னு... அவசரத்துல மூடிட்டேன்."

நான்கு வருஷம் ஒரு நாள் தவறாதவள் அப்படிச் செய்வாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யய்யோ! என் புள்ளையோட நல்ல நாள்ல நாறடிச்சுட்டாளே! எறா தடவுன கைய அடுப்புல வெச்சா இப்படித்தான் ஆவும்னு நான் அப்பவே சொல்லல?"

அண்ணன் எழுந்து நின்றார். எல்லோருக்கும் முன்னால், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இனிமே... உன் கை... என் அடுப்புல படக் கூடாது. செத்தாலும் படக் கூடாது!"

அண்ணி தலையை மட்டும் அசைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பெண்ணின் தகப்பனார் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதுல உனுக்கு இன்னா வேல?"

"நான்... வண்டியில ஏத்துவேன்" என்றேன். பொய் இல்லை, பாருங்கள். நான் எப்போதுமே அரை உண்மையில் முழுப் பிழைப்பு நடத்துகிறவன்.

"அப்ப பையன் மேல தப்பில்ல" என்று அவர் தட்டைத் தூக்கினார். நான் வாங்கிக்கொண்டேன்.

மற்ற மூன்று கடைகளிலும் புட்டைக் குப்பையில் கொட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவன் மூன்றாம் நாள் எழுந்து வந்துவிட்டான். எங்கள் வீடு எழுந்திருக்கவில்லை.

நான்கு கடைப் பலகையிலும் அண்ணியின் பேரைச் சுரண்டிவிட்டு 'தேசப்பன்' என்று எழுதச் சொன்னார் அண்ணன். ஏணியைப் பிடித்தவன் நான். "ஒழுங்கா புடி தம்பி, இன்னா இப்படி ஆட்டுற? குளுரு ஜுரமா?" என்று மேலேயிருந்து பெயிண்டர் திட்டினான். ஆமாம் என்றேன். வைகாசி வெயிலில்!

அண்ணி தண்ணீர் இறைத்தாள், துணி துவைத்தாள், சுறாவின் முள்ளைக்கூட எடுத்துக் கொடுத்தாள். அடுப்பருகே மட்டும் வரவில்லை. கூலிக்கு வந்த சமையற்காரன் கிண்டிக்கொண்டிருக்கும்போது எட்ட நின்று, "அண்ணே, தீயக் கொஞ்சம் இஸ்துக்கோ..." என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அம்மா கேட்டுவிட்டாள். "இன்னும் புத்தி வரலியாமே உனுக்கு?" அதன் பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

என் கல்யாணத்தில் மஞ்சள் அரிசிகூட அவளைக் கலக்கவிடவில்லை. பந்தலுக்கு வெளியே செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று என் தாலிகட்டைப் பார்த்தாள். எல்லோரும் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஒரு துணிப்பையோடு கூடத்துக்கு வந்தாள். புஷ்பவல்லியின் நெற்றியில் குங்குமம் வைத்து, "வூட்ட பாத்துக்கம்மா" என்றாள். அம்மாவின் காலைத் தொட்டாள். அண்ணனிடம், "போய்ட்டு வர்றேன்" என்றாள். அண்ணன் சுவரில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் எழுத்தே கிடையாது.

வாசலில் நான் வழிமறித்தேன். "அண்ணி... ஏன் அண்ணி?"

"பஸ்ஸு போயிரும் ரகு" என்று நடந்துவிட்டாள்.

கத்திவாக்கத்தில் அவளுடைய அண்ணன் குமாரவேல் வீட்டில், வலைக் குவியலுக்கு நடுவே அவளுக்கு ஒரு மூலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். கடை மிக்சர், கதம்பம் என்று எதையாவது வாங்கிக்கொண்டு போவேன். குற்றவாளிகள் வெறுங்கையோடு போவதில்லை. அவள் நான் வருகிற வழியைப் பார்ப்பாள். எனக்குப் பின்னாலும் ஒருமுறை பார்ப்பாள். பிறகுதான், "வா ரகு" என்பாள்.

"அண்ணி, அன்னிக்கு ஏன் நீ செஞ்சதா சொன்ன?"

"எறா வறுத்து வெச்சுகீறேன். துன்றியா?"

அடுத்த தடவை:

"அண்ணி, இன்னிக்காச்சும் சொல்லு... ஏன்?"

"புஷ்பா நல்லாக்கீறாளா? முழுகாம கீறான்னு சொன்னாங்களே?"

இன்னொரு தடவை கேட்டபோது, "தண்ணி வத்துது, இப்பப் போனாத்தான் எறா கெடைக்கும்" என்று கூடையை எடுத்துக்கொண்டு கழிமுகத்தில் இறங்கிவிட்டாள். மார்பளவு தண்ணீரில், கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவியபடி அவள் போவதை நான் கரையில் நின்று பார்த்தேன். குமாரவேல் வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நாலு கடைக்கு எஜமானியம்மா... பாத்துக்க மாப்ள."

அந்த வீட்டில் சுறா வந்தால் அவள் தொடமாட்டாளாம். வேறு யாராவது புட்டு கிண்டினால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். என் அண்ணன் போட்ட தடையைப் பிறந்த வீட்டு அடுப்பிலும் அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்!

இங்கே சமையற்காரர்கள் மாறினார்கள். புட்டு மட்டும் வரவில்லை. சில நாள் காய்ந்த நார், சில நாள் களி. இக்னேஷியஸ் ரொட்டி அதேதான், கொட்டாங்கச்சி அதேதான். முதலில் பரசுராமன் அகப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிறகு எண்ணூர்க்காரர். கடைசியாக ஞானதுரை அண்ணாச்சி வந்தார். அகப்பையைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"கோவிச்சுக்கிடாதீரு தேசப்பன். ஆளுக வாராக, ஒரு கடி கடிக்காக, பலகையப் பாக்காக. 'அந்தம்மா எங்க'ன்னு கேக்காக. நான் என்னத்தச் சொல்ல? அகப்பை இருக்கு... கை இல்லையே வே!"

அண்ணன் அகப்பையை வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஹார்பர் கேட்டுக் கடை ஒன்றுதான் மிச்சம். அதையும் என் மனைவிதான் தாங்கிக்கொண்டிருந்தாள். நான்காம் வருஷம், கடைசிச் சமையற்காரனும் ஓடிப்போனதும் புஷ்பவல்லி தானே சட்டியைப் பிடித்துவிட்டாள்.

புஷ்பவல்லிக்கு என் வேடிக்கைப் பேச்சு பிடிக்காது. சிரிப்பதற்கு முன் யோசிப்பாள், யோசித்தபின் சிரிக்கமாட்டாள். ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு காலையில் புட்டைப் பாயில் பரப்பி ஆறவிட்டாள். நான் பக்கத்தில் குந்தி, கையை விட்டுப் பார்த்து, தூக்கில் அள்ளி, மூடியை அழுத்தினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் நீதான் மூடுவியா?"

"ஆமா. ஏழு வருசமா இதே உத்தியோகம். பென்சன்தான் பாக்கி."

"அக்கா இருக்கச் சொல்லோவும்?"

நான் அடுத்த தூக்கை இழுத்தேன்.

"இன்னாய்யா, கேக்குறேன்ல? நெதம் மூடுறவன் நீ. கூடம் பெருக்கினு இருந்தவங்க அவங்க. அன்னிக்கு மட்டும் அவங்க எப்படி மூடுனாங்க?"

"மீச..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வேடிக்கையாகச் சொல்ல எவ்வளவோ பார்த்தேன். வரவில்லை. நாவிதரின் நாற்காலி, சிவந்த விரல், 'ஆறிச்சு அண்ணி' எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

புஷ்பவல்லி அழவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "இந்தத் தாலி அவங்க மானத்த வித்து வந்ததாய்யா? நாலு வருசம் இத்தக் கட்டிகினு நான் அவங்க அடுப்புல குந்திகினு கீறேன்... நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டா?"

"சாய்ங்காலம்..."

"இப்ப!"

ஹார்பர் கேட்டுக்கு எதிரே, காலைச் சாப்பாட்டுக் கூட்டத்தின் நடுவே, கையில் அகப்பையோடு நின்ற அண்ணனிடம் சொன்னேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! அவர் அகப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக ரொட்டிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூடுறது நீதான்னு எனுக்குத் தெரியுமேடா..." என்றார், தனக்குத்தானே. "நெதம் பாக்குறவன்தானே நான்! அவ சொன்னா, நான் நம்பிட்டேன். ஒரு வார்த்த... தனியா கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டேனா? 'இன்னாமே நடந்துச்சு'ன்னு கேட்டேனா?"

வரிசையில் நின்றிருந்த ஹார்பர் ஆட்கள் ரொட்டி கேட்காமல் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

அன்று மத்தியானமே மகளையும் தூக்கிக்கொண்டு நான்கு பேரும் கத்திவாக்கத்துக்கு எண்ணூர் பஸ் ஏறினோம். அம்மா பேசாத ஏழு மைலை என் ஆயுளில் நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணி அப்போதுதான் கழிமுகத்திலிருந்து ஏறிவந்திருந்தாள். ஈரப்புடவை, முழங்கால் வரை சேறு. எங்களைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கைகளைப் பார்த்துவிட்டார். எறா முள் கீறிக் கீறி, விரல் நுனியெல்லாம் வெடித்து, உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன கைகள். அந்த இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

"என்ன மன்னிச்சுருமே... இந்தக் கை படக் கூடாதுன்னு சொன்னேனே! பாவி... இந்த வாயால சொன்னேனே!"

"எழுந்திருங்க... இன்னா இது, எல்லாரும் பாக்குறாங்க..." அண்ணியின் குரல் உடைந்தது. நான்கு வருஷமாக ஒரு சொட்டும் விடாதவள், சேற்றுக்கையோடு அவர் தலையை இடுப்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். அம்மா தள்ளாடி வந்து அவள் மேல் சாய்ந்தாள்.

"எறா தடவுன கைன்னு சொன்னேனேடி என் கண்ணு... அந்தக் கையாலதான்டி என் குடும்பம் துன்னுச்சு! நீ வந்து ஒரு வாய் தண்ணி ஊத்துனாத்தான் இந்தக் கட்ட வேவும்..."

"அப்படிலாம் சொல்லாதீங்கோ அத்தே."

புஷ்பவல்லி குனிந்து காலைத் தொட, அண்ணி அவளைத் தூக்கி நிறுத்தி, அவள் இடுப்பிலிருந்த என் மகளை வாங்கிக்கொண்டாள். குமாரவேல் வலை ஊசியைக் கீழே போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார். வருகிற வெள்ளிக்கிழமை வந்து அடுப்பு பற்றவைக்கிறேன் என்று அண்ணி சொன்னாள். பலகையில் மறுபடி பேர் எழுதுவதைப் பற்றி அண்ணன் ஆரம்பித்தபோது, "அதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்" என்று சிரித்தாள். எல்லாம் முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அவர்கள் டீ குடிக்க உள்ளே போனார்கள். அண்ணி கால் கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தாள். நான் செம்பில் மொண்டு ஊற்றினேன். மனசு லேசாக இருந்தது. தியாகத்தின் காரணத்தைத் தியாகியின் வாயாலேயே கேட்டு, இன்னொரு முறை அழுது, கணக்கை நேர்செய்துவிடலாம் என்று ஓர் அற்ப ஆசை. எனக்கு மீசை மட்டும்தான் வளர்ந்திருந்தது.

"இப்பனாச்சும் சொல்லு அண்ணி. எனுக்காக ஏன் அப்படிச் செஞ்ச?"

இந்தத் தடவை அவள் எறாவைப் பற்றிப் பேசவில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. செம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"சொல்றேன், கேட்டுக்கோ. தட்டு நடுக்கூடத்துல இருந்துச்சு. உன் பேரச் சொன்னா அந்த மனுசன் தட்டத் தூக்கினு போயிருவாரு. தட்டு மாத்துற வரிக்கும் நாம தாங்கிக்கலாம், அப்பால புள்ள தானா வந்து சொல்லிருவான்னு நெனச்சேன். சாய்ங்காலம் வரிக்கும் பாத்தேன், ரகு. மறுநாளு பாத்தேன். உன் கல்யாணத்துல உன் மூஞ்சியவே பாத்துகினு நின்னேன். நீ இங்க வர்றப்பல்லாம் உன் பின்னால உங்கண்ணன் வர்றாரான்னு பாத்தேன். நீ தனியா வருவ, வந்து என்னியவே 'ஏன்'னு கேப்ப. உனுக்காக நான் சொமந்தது ஒரு பொழுதுதான்... மிச்ச நாலு வருசம், நீ சொமக்க வெச்சது."